பெட்ரோல் இருக்கு... ஆயில் இருக்கா? பைக் இன்ஜினைக் காப்பாற்றும் 10 நிமிட வேலை!

பெட்ரோல் குறைந்தால் மீட்டரில் முள் இறங்கிவிடும். முள் வேலை செய்யாத பழைய வண்டியாக இருந்தாலும், டேங்க்கை ஓர் ஆட்டு ஆட்டினால் சத்தமே சொல்லிவிடும். டயரில் காற்று இறங்கினால் ஹேண்டில்பார் இழுக்கும். ஆனால், இன்ஜின் ஆயில் குறைந்தால்? 100 சிசி, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அதைச் சொல்ல ஒரு லைட்கூட கிடையாது. வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், வழக்கம்போல ஓடும். வித்தியாசம் தெரியவரும்போது, பல நேரங்களில் இன்ஜினுக்குள் தேய்மானம் தொடங்கியிருக்கும்.

விடியற்காலையில் பால் ஊற்றுபவர், மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போகிறவர், இரவு வரை உணவு டெலிவரி செய்பவர் எனப் பலருக்கும் பைக்தான் பிழைப்பு. வண்டி ஒரு வாரம் மெக்கானிக் கடையில் நின்றால், ஒரு வார வருமானம் போச்சு. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க சில ஆயிரம் ரூபாய் வேண்டும். கால் லிட்டர் ஆயிலுக்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான்!

'போன மாசம்தானே மாத்தினேன்!'

பலரும் சொல்லும் பதில் இது. ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஞாபகம் இருக்கும். ஆனால், ஆயில் மாற்றுவது வேறு, அளவு பார்ப்பது வேறு. ஓர் ஆயில் சேஞ்சுக்கும் அடுத்த ஆயில் சேஞ்சுக்கும் இடையே ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். பிஸ்டன் ரிங், வால்வு சீல் வழியாகச் சிறிதளவு உள்ளே போய் எரியும். டிரெய்ன் போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால், சொட்டுச் சொட்டாகக் கசியும்.

100 சிசி வண்டியின் இன்ஜினில் இருப்பதே ஏறக்குறைய 1 லிட்டர் ஆயில்தான். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு காலி. காரில் இதே 200 மில்லி பெரிய விஷயமில்லை. பைக்கில் அப்படி இல்லை.

ஆயிலுக்கு எத்தனை வேலை?

கியர் பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். உராய்வைக் குறைப்பதோடு, இன்ஜினின் சூட்டை வாங்கி வெளியே கடத்துவதும் அதன் வேலை. ரேடியேட்டர் இல்லாத ஏர் கூல்டு வண்டிகளில், காற்றுக்கு அடுத்தபடி இன்ஜினைக் குளிரவைப்பது ஆயில்தான்.

அளவு மிகவும் குறைந்தால், ஆயில் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். இன்ஜினின் மேல் பகுதியில் உள்ள கேம் ஷாஃப்ட், ராக்கர் ஆகியவற்றுக்கு ஆயில் சரியாகப் போய்ச் சேராது. 'டக டக' என்று சத்தம் கூடும். அதற்குப் பிறகும் ஓட்டினால், சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இதைத்தான் 'இன்ஜின் சீஸ்' என்கிறார்கள். வேகமாகப் போகும்போது அப்படி நடந்தால் பின் சக்கரமும் இறுகிப்போய், வண்டியே சாய்ந்துவிடலாம். அதனால் இது செலவுக் கணக்கு மட்டுமல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

அளவு பார்ப்பது எப்படி?

1. சமதளமான இடத்தில், சென்டர் ஸ்டாண்ட் போட்டு வண்டியை நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால், வீட்டில் ஒருவரை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, 3 முதல் 5 நிமிடங்கள் ஐடிலில் ஓடவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டாம்.

3. ஆஃப் செய்துவிட்டு, 2 அல்லது 3 நிமிடங்கள் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க அந்த நேரம் தேவை.

4. டிப் ஸ்டிக்கைக் கழற்றி, நூல் உதிராத சுத்தமான துணியால் துடையுங்கள். சைலன்ஸர் சூடாக இருக்கும். கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. டிப் ஸ்டிக்கை மறுபடியும் துளைக்குள் விடுங்கள். ஸ்பிளெண்டர் போன்ற பல வண்டிகளில் அதைத் திருகாமல், சும்மா உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.

6. வெளியே எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் சரி. கீழ் கோட்டுக்கும் கீழே போயிருந்தால், ஊற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் போன்ற வண்டிகளில், இன்ஜினின் பக்கவாட்டில் சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் குறித்துள்ள இரு அளவுகளுக்கு நடுவில் ஆயில் தெரிய வேண்டும்.

சைடு ஸ்டாண்டில் பார்த்தால்?

அங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாயும். பல வண்டிகளில் டிப் ஸ்டிக்கும் கண்ணாடியும் வலது பக்கம் இருக்கும். ஆயில் இடது பக்கம் ஒதுங்குவதால், போதுமான அளவு இருந்தாலும் குறைவாகக் காட்டும். 'ஐயோ, ஆயிலே இல்லையே' என்று மேலும் ஊற்றிவிடுவார்கள்.

அதிகமானாலும் ஆபத்து!

'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே' என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் சரியாக உராய்வைத் தடுக்காது. அதிகப்படியான ஆயில் பிரீதர் டியூப் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகலாம், சீல்கள் கசியலாம், வண்டி இழுவை இல்லாமல் திணறலாம்.

அதனால், ஆயில் மாற்றும்போது டப்பா காலியாகும் வரை ஊற்றுவது சரியல்ல. மேனுவலில் உள்ள அளவே கணக்கு. குறைந்ததை நிரப்பும்போது 50 மில்லி ஊற்றி, சற்றுப் பொறுத்து, மறுபடி அளவு பார்த்து ஊற்றுங்கள்.

கார் ஆயில் வேண்டாம்

வீட்டில் மீந்திருக்கும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள். பல கார் ஆயில்களில் மைலேஜுக்காக உராய்வை மேலும் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். பைக்கின் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலுக்குள்ளேயே இயங்குபவை. அவை பிடிமானம் இழந்து வழுக்கும். டப்பாவின் மேல் 'ஜாஸோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ 2' என்று இருக்கிறதா, 10டபிள்யூ-30 போன்ற கிரேடு உங்கள் மேனுவலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 'எம்.பி' என்று இருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. ஸ்கூட்டரில் பின் சக்கரப் பகுதிக்குத் தனி கியர் ஆயில் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

டிப் ஸ்டிக் சொல்லும் சேதி

* கறுப்பாக இருந்தால்: பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் ஆயில் கறுப்பது இயல்பு. மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.
* பால் டீ நிறத்தில் இருந்தால்: தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் மழை எனத் தண்ணீர் சூழ்ந்த நாள்களில் ஏராளமான பைக்குகள் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக்கொண்டுபோய், ஆயிலை மாற்றிய பிறகே மற்ற வேலை.
* பெட்ரோல் வாசனையோடு அளவு கூடியிருந்தால்: ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* அடிக்கடி குறைந்தால்: நிறுத்தும் இடத்தில் தரையில் கறை இருக்கிறதா, சைலன்ஸரில் நீல நிறப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். கறை என்றால் கசிவு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆரம்பத்திலேயே காட்டினால் செலவு குறைவு.

எப்போது பார்க்கலாம்?

புது வண்டி என்றால் 15 நாளுக்கு ஒருமுறை. பழைய வண்டி, தினமும் நீண்டதூரம் ஓடும் வண்டி என்றால் வாரம் ஒருமுறை. வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய நாள் கட்டாயம். அளவு பார்த்த தேதியை மொபைலில் குறித்துவைத்தால், எவ்வளவு நாளில் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது வீட்டில் உள்ள பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு துணியும் 10 நிமிடப் பொறுமையும் போதும்.