வரைபடத்தில் இல்லாத விலங்குகள்

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் வட அமெரிக்கா பாடத்தை நடத்தும்போது இயற்கைப் பிரதேசங்களை அட்டவணையாக எழுதிப் போடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். தூந்திரா என்றால் பாசியும் பனிக்கரடியும். டைகா என்றால் ஊசியிலை மரங்களும் காகிதத் தொழிலும். பிரெய்ரி என்றால் புல்வெளியும் கோதுமையும். மதிப்பெண்ணுக்கு இது போதும். ஆனால் பிரெய்ரி என்பது கோதுமை வயலாகவே பிறந்தது என்ற எண்ணம் குழந்தைகள் மனத்தில் தங்கிவிடுகிறது. ஒரு நிலத்தில் இன்று இருப்பதை மட்டும் சொல்லி, நேற்று இருந்ததைச் சொல்லாமல் விட்டால், அழிந்தது எது, காப்பாற்றப்பட்டது எது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

அதனால் இந்தப் பாடத்தை மூன்று கேள்விகளைச் சுற்றி நடத்துகிறேன். இந்தப் புல்வெளியும் காடும் ஏன் இங்கே இருக்கின்றன? இங்கே முன்பு யார் வாழ்ந்தார்கள், எந்த உயிரினங்கள் வாழ்ந்தன? அவற்றுக்கு என்ன ஆயிற்று? இதற்காகத் திரட்டிய செய்திகளையும் வகுப்பில் பயன்பட்ட ஒரு செயல்பாட்டையும் இங்கே பகிர்கிறேன்.

மலைகள் எந்தப் பக்கம் நீள்கின்றன?

முதல் கேள்விக்கு இயற்கையமைப்பு வரைபடம் ஒன்றே போதும். ஆசியாவில் இமயமலை கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்கிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும். வட அமெரிக்காவில் மேற்கே ராக்கி மலைத்தொடரும் கிழக்கே அப்பலாச்சியன் மலைகளும் வடக்கு தெற்காக நீள்கின்றன. நடுவில் உள்ள பெருஞ்சமவெளிக்குத் தடுப்புச்சுவர் இல்லை. ஆர்க்டிக் குளிர்காற்று தடையின்றித் தெற்கே இறங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்று வடக்கே ஏறுகிறது. இரண்டும் மோதும் இடத்தில்தான் டொர்னாடோ எனப்படும் சூறாவளிகள் மிகுதியாக உருவாகின்றன.

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்கு மலைகள் மறித்துக்கொள்வதால் கடற்கரையோரம் அடர்ந்த மழைக்காடுகள் வளர்கின்றன. கலிபோர்னியாவின் கடலோரச் செம்மரங்கள் 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, உலகின் மிக உயரமான மரங்களாக நிற்கின்றன. (இவை நம் ஊர்ச் செம்மரம் அல்ல, ஊசியிலை வகையைச் சேர்ந்தவை.) மலைகளுக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதி. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல மழை கூடுகிறது. முதலில் குட்டைப்புல், பிறகு நடுத்தரப் புல், அதன்பின் ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் நெடும்புல், கடைசியில் இலையுதிர்க் காடு என வரிசையாக வருகின்றன. 100° மேற்கு தீர்க்கக்கோட்டை ஒட்டி ஆண்டு மழை ஏறக்குறைய 50 செ.மீ. ஆகிறது. அதற்கு மேற்கே பாசனமின்றிப் பயிர் செய்வது கடினம் என்று ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அரசுக்கு அறிக்கை அளித்தார். இந்த ஒரு கோட்டை வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் போடச் சொன்னால் பிரெய்ரியின் கதை பாதி புரிந்துவிடும்.

குதிரையும் ஒட்டகமும் புறப்பட்ட கண்டம்

ஒட்டகத்தின் பூர்வீகம் எது என்று கேட்டால் வகுப்பே ‘அரேபியா’ என்று சொல்லும். ஒட்டகக் குடும்பமும் குதிரைக் குடும்பமும் தோன்றியது வட அமெரிக்காவில்தான். அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த பிறகே அவற்றின் கிளைகள் ஆசியாவுக்கு வந்தன. பனிக்காலங்களில் கடல்நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாக உறைந்ததால் கடல்மட்டம் தாழ்ந்தது. இன்று பெரிங் நீர்ச்சந்தி இருக்கும் இடம் அகன்ற தரைப்பாலமாக இருந்தது. அவ்வழியே குதிரையும் ஒட்டகமும் ஆசியாவுக்குச் சென்றன; யானையின் உறவான மாமூத்தும் பின்னாளில் மனிதனும் அமெரிக்காவுக்கு வந்தனர்.

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் கனடா முழுவதையும் பெரும்பாலும் பனிப்பாளம் மூடியிருந்தது. அது நகர்ந்து அரித்த பள்ளங்களில் உருகிய நீர் தேங்கியே இன்றைய பேரேரிகள் உருவாயின. பனிக்காலம் முடிவுக்கு வந்த காலத்தில், அதாவது சுமார் 10,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன், மாமூத், வாள்பல் பூனை, தரைவாழ் தேவாங்கு, குதிரை, ஒட்டகம் என்று பெரிய விலங்குகள் பல அக்கண்டத்திலிருந்து மறைந்தன. காலநிலை மாற்றம் காரணமா, புதிதாக வந்த மனிதரின் வேட்டை காரணமா, இரண்டும் சேர்ந்தா என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. குதிரையை மீண்டும் அங்கே கொண்டுவந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியர்கள். திரைப்படங்களில் நாம் காணும் குதிரையேறிய அமெரிக்கப் பழங்குடி வீரர், அதற்குப் பின் வந்த சில நூற்றாண்டுகளுக்கு உரியவர்.

புல்லும் பைசனும்

“அவ்வளவு புல்லையும் யார் டீச்சர் தின்றது?” என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தின் மையத்துக்கு நம்மை அழைத்துச் செல்லும் கேள்வி அது. தின்றவற்றில் முதன்மையானது பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருது. ஐரோப்பியர் வருமுன் 3 கோடி முதல் 6 கோடி வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

பைசன் புல்லைத் தின்றது மட்டுமல்ல, புல்வெளியை உருவாக்கவும் செய்தது. ஓரிடத்தில் மேய்ந்து மறு இடம் செல்வதால் பல உயரங்களில் புல் வளர்ந்தது. வெவ்வேறு பறவைகளுக்கு அது இடம் தந்தது. சாணம் உரமானது. புழுதியில் புரண்டு உண்டாக்கிய குழிகளில் மழைநீர் தேங்க, தவளைகள் முட்டையிட்டன. லகோட்டா, செயென், கொமாஞ்சி முதலிய பழங்குடியினருக்குப் பைசனே உணவு, அதன் தோலே கூடாரம், எலும்பே கருவி. புல்வெளிக்குத் தீயிட்டு இளம்புல்லைத் துளிர்க்கச் செய்யும் முறையையும் அவர்கள் அறிந்திருந்தனர். எனவே ‘இயற்கைப் பிரதேசம்’ என்று நாம் எழுதும் பிரெய்ரியில் மழை, தீ, விலங்கு, மனிதர் ஆகிய நான்கின் பங்கும் இருக்கிறது.

1869-இல் கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவடைந்தது. 1871 வாக்கில் பைசன் தோலைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற தோலாகப் பதனிடும் முறை வந்தது. இயந்திரங்களை இயக்கும் பட்டைகளுக்கு அந்தத் தோல் தேவைப்பட்டது. வேட்டைக்காரர்கள் தோலை மட்டும் உரித்துக்கொண்டு இறைச்சியை அப்படியே அழுக விட்டார்கள். உணவு அழிந்தால் பழங்குடியினர் பணிவார்கள் என்று கருதிய இராணுவ அதிகாரிகளும் இருந்தனர். 1874-இல் பைசனைப் பாதுகாக்கும் சட்ட முன்வடிவை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திடவில்லை. 1889-இல் வில்லியம் ஹார்னடே என்பவர் கணக்கெடுத்தபோது கண்டம் முழுவதிலும் எஞ்சியவை 1,091 மட்டுமே.

ஒரு வரைபடத்தாள் செயல்பாடு

‘கோடி’ என்பதும் ‘ஆயிரம்’ என்பதும் குழந்தைகளுக்கு வெறும் சொற்களாக நின்றுவிடக் கூடாது. கணக்குப் பாடத்தில் பயன்படுத்தும் மில்லிமீட்டர் வரைபடத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறு கட்டம் 1,000 பைசன்களைக் குறிக்கட்டும். குறைந்த மதிப்பீடான 3 கோடியைக் காட்ட 30,000 கட்டங்கள் வேண்டும். அதாவது 15 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் கொண்ட செவ்வகம். அதைப் பென்சிலால் மெல்ல நிழலிடச் சொல்லுங்கள். பிறகு அதன் ஓரத்தில் 1889-ஐக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு சிறு கட்டம்! சிவப்புப் பேனாவின் முனை வைத்தாலே அது நிறைந்துவிடும்.

இன்றைய நிலையையும் காட்ட வேண்டும். இப்போது சுமார் 5 லட்சம் பைசன்கள் உள்ளன, 500 கட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவை பண்ணைகளில் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. பாதுகாப்பு நோக்கில் பராமரிக்கப்படும் மந்தைகள் இருபது, முப்பது கட்டங்களுக்குள் அடங்கும். விகிதம், பரப்பளவு, வரலாறு மூன்றையும் இந்த ஒரு தாள் கற்றுத்தருகிறது.

எண்ணிக்கை காப்பாற்றாது

பைசனாவது தப்பிப் பிழைத்தது. கிழக்கே இலையுதிர்க் காடுகளில் வாழ்ந்த பயணிப் புறா தப்பவில்லை. அவை 300 கோடி முதல் 500 கோடி வரை இருந்திருக்கலாம் என்கிறார்கள். 1813-இல் கென்டக்கியில் ஒரு கூட்டம் தலைக்கு மேல் கடந்துசெல்ல மூன்று நாள் ஆனதாகப் பறவை ஓவியர் ஆடுபன் பதிவு செய்துள்ளார். பறவைகள் எங்கே கூடு கட்டியுள்ளன என்ற செய்தியைத் தந்தி சொன்னது. வேட்டைக்காரரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும், சுட்ட புறாக்களை நகரச் சந்தைகளுக்குக் கொண்டுவந்ததும் இரயில். காடுகளும் வெட்டப்பட்டன. ஒரு கூட்டில் ஒரு முட்டை மட்டுமே இடும் அந்தப் பறவை, பெருங்கூட்டமாக இருந்தால்தான் நன்றாக இனப்பெருக்கம் செய்தது என்று கருதப்படுகிறது. அதனால் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருந்தபோதும் மீள முடியவில்லை. கடைசிப் புறாவான ‘மார்த்தா’ 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. சட்டவிரோதமாகக் கொன்ற வனவிலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுக்கும் சட்டம் 1900-இல் வந்தபோது இந்தப் பறவைக்கு அது காலம் கடந்த உதவி.

‘நிறைய இருக்கிறதே, எப்படித் தீரும்?’ என்பது குழந்தைகள் இயல்பாகக் கேட்கும் கேள்வி. பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பயணிப் புறாவின் கதையைக் கேட்டபின் அந்த எண்ணம் நிலைப்பதில்லை.

புல்லை உழுத பின்

பைசன் போன நிலத்தில் கோதுமை வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை உயர, வறண்ட குட்டைப்புல் நிலமும் உழப்பட்டது. மண்ணைப் பிடித்திருந்த புல்வேர்கள் அறுந்தன. 1930களில் வறட்சி வந்தபோது காற்று மண்ணைத் தூக்கிச் சென்றது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புழுதிப்புயல் பகலை இரவாக்கியதால் அந்நாள் ‘கறுப்பு ஞாயிறு’ எனப்பட்டது. ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் பகுதிகளிலிருந்து ஏராளமான உழவர் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. அதே ஆண்டில் மண் பாதுகாப்புக்கெனத் தனித்துறை ஏற்படுத்தப்பட்டது. பவல் சொன்ன 100° தீர்க்கக்கோட்டை இப்போது மாணவர்கள் மீண்டும் பார்த்தால், புயல் வீசிய பகுதியின் பெரும்பாலான இடம் அதற்கு மேற்கே இருப்பதைத் தாங்களே கண்டு சொல்வார்கள்.

மீண்டவை

இழப்பை மட்டும் சொல்லிப் பாடத்தை முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. குழந்தைகள் சோர்ந்துபோவார்கள், அது முழு உண்மையும் ஆகாது.

1872-இல் அமைந்த யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1902 வாக்கில் பைசன்கள் 25-க்கும் குறைவாகவே இருந்தன. பாதுகாப்பால் இன்று அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவில் 417 இணை வெண்தலைக் கழுகுகள் மட்டுமே கூடு கட்டின. டி.டி.டி. பூச்சிக்கொல்லி உணவுச் சங்கிலி வழியே சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்தது. 1962-இல் ரேச்சல் கார்சன் எழுதிய நூல் இதை மக்கள் முன் வைத்தது, 1972-இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது, அடுத்த ஆண்டு அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. 2007-இல் அந்தக் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து உணவுச் சங்கிலிப் பாடத்தில் இதை நடத்தலாம்.

யெல்லோஸ்டோனில் 1926-க்குள் ஓநாய்கள் கொன்று தீர்க்கப்பட்டன. எல்க் மான்கள் பெருகி ஆற்றோர வில்லோ மரக்கன்றுகளைத் தின்றன. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. மான்கள் குறைந்தன, சில ஓடைகளில் வில்லோ மீண்டும் வளர்ந்தது, அதை நம்பி அணை கட்டும் பீவரும் திரும்பியது. இதில் ஓநாயின் பங்கு எவ்வளவு, கரடி, காலநிலை போன்றவற்றின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படுகிறது. அறிவியலில் முடிந்த விடைகள் மட்டுமல்ல, நடந்துகொண்டிருக்கும் விவாதங்களும் உண்டு என்று காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

மதிப்பீட்டுக்கு

‘பிரெய்ரி எங்கே உள்ளது?’ என்ற வினாவோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்கலாம். ‘பிரெய்ரியில் பைசன் இல்லாமல் போனதால் புல்லுக்கும் மண்ணுக்கும் மக்களுக்கும் என்ன நேர்ந்தது? படம் வரைந்து விளக்குக.’ ‘பயணிப் புறா அழிந்தது, வெண்தலைக் கழுகு பிழைத்தது, இரண்டுக்கும் வேறுபாடு என்ன?’ இரண்டாவது வினாவுக்கு என் வகுப்பில் ஒரு மாணவன் எழுதிய விடை ஒரே வரிதான்: “கழுகு கொஞ்சம் இருக்கும்போதே சட்டம் வந்துவிட்டது.” முழு மதிப்பெண் கொடுத்தேன்.