பணம் கொடுத்தார்கள், பாடம் சொல்லவில்லை

செல்போன் வாங்க மேற்கு வங்க அரசு 10,000 ரூபாய் தந்தது. பள்ளியோ அதை வாசலிலேயே தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள் ஜாதவ்பூர் மாணவர்கள்.

மேற்கு வங்கத்தில் பள்ளி மாணவர்கள் செல்போனை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதி இது. பொதுத்தேர்வு அறையில் செல்போனோடு அகப்பட்டால் அந்த ஆண்டுத் தேர்வே ரத்து. ஆனால் அந்த மாணவன் மேல்நிலை வகுப்புக்குப் போனதும் அவனுடைய வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் போட்டு, டேப்லெட்டோ ஸ்மார்ட்போனோ வாங்கிக்கொள்ளச் சொன்னது அரசு. நேற்றுவரை பறிமுதல் செய்யப்பட்ட பொருள் ஒரே நாளில் பாடப்புத்தகத்துக்குச் சமமாகிவிட்டது.

இந்த முரண்பாடு கொல்கத்தாவில் நடப்பது ஒருவகையில் பொருத்தமே. இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு இந்த நகரத்திலிருந்துதான் தொடங்கியது. 1995 ஜூலை 31 அன்று ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அன்று அது பணக்காரர்களின் பொருள். 25 ஆண்டுகள் கழித்து, அது இல்லாதவனுக்கு வகுப்பே இல்லை என்றாகிவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. இடையில் சில மாதங்கள் உயர் வகுப்புகள் நடந்தாலும், 2022 பிப்ரவரியில்தான் நிலைமை சீரானது. அந்த இரண்டு ஆண்டுகளில் செல்போன்தான் கரும்பலகை. ஜாதவ்பூரின் ஏற்றத்தாழ்வு அப்போது பளிச்சென்று தெரிந்தது. நாடறிந்த பல்கலைக்கழகம் இருக்கும் இந்தப் பகுதி, பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்க அகதிகள் கட்டிய குடியிருப்புகளால் வளர்ந்தது. தெற்கு 24 பர்கானாவின் கிராமங்களிலிருந்து உள்ளூர் ரயில் பிடித்து ஏராளமானோர் இங்கு வந்து போகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்களிலேயே பலரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. செல்போனும் டேட்டா பேக்கும் வாங்கித்தர ஆசிரியர்களிடமும் முன்னாள் மாணவர்களிடமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2020-ல் நிதி கேட்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தின் கதியே இதுவென்றால் பள்ளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த டிசம்பரில் முதல்வர் மம்தா பானர்ஜி, 12-ம் வகுப்பு மாணவர்கள் சுமார் 9.5 லட்சம் பேருக்கு டேப்லெட் தரப்படும் என்று அறிவித்தார். அவ்வளவு டேப்லெட்கள் சந்தையில் கிடைக்கவில்லை. எனவே பொருளுக்குப் பதில் பணம் என்று முடிவானது. 'தருணேர் ஸ்வப்ன', அதாவது இளைஞர்களின் கனவு என்ற பெயரில் திட்டம் தொடர்ந்தது. 2024-ல் 11-ம் வகுப்புக்கும் விரிந்தது.

பணம் வந்தது, கூடவே திருடர்களும் வந்தார்கள். 2024 நவம்பரில், மாணவர்களுக்குச் சேர வேண்டிய தொகை முன்பின் தெரியாதவர்களின் கணக்குகளுக்குப் போயிருப்பது அம்பலமானது. இணையதளத்தில் மாணவர்களின் கணக்கு எண்கள் மாற்றப்பட்டிருந்தன. உத்தர தினாஜ்பூர் மாவட்டம் சோப்ராவில் ஏழைகளின் வங்கிக் கணக்குகள் 'வாடகைக்கு' எடுக்கப்பட்டிருந்தன. சுமார் 1,900 மாணவர்கள் ஏமாந்ததாகப் போலீஸ் கணக்கிட்டது. கொல்கத்தாவில் புகார் பதிவான காவல் நிலையங்களில் ஜாதவ்பூரும் ஒன்று. டிஜிட்டல் உலகைப் பற்றி அந்த மாணவர்கள் கற்ற முதல் பாடம், பணம் பறிபோனதுதான்.

தேர்வு அறையில் நடந்தது வேறு கதை. 2024 பிப்ரவரியில் நடந்த மாத்யமிக் எனப்படும் 10-ம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாள்களின் படங்கள் செல்போன் வழியே வெளியே பறந்தன. ஆனால் ஒவ்வொரு வினாத்தாளிலும் வாரியம் தனித்தனி க்யூ.ஆர். குறியீட்டை அச்சிட்டிருந்தது. படமெடுத்தவர்கள் அதை வைத்தே பிடிபட்டார்கள். மால்டா மாவட்ட மாணவர்கள் சிலரின் தேர்வு முழுவதும் ரத்தானது. அடுத்த ஆண்டு மேல்நிலைத் தேர்வு மையங்களுக்கு மெட்டல் டிடெக்டரும் வந்து சேர்ந்தது.

ஆக, கொடுப்பதற்குத் திட்டம் இருக்கிறது, தடுப்பதற்குக் கருவி இருக்கிறது. கற்றுத்தருவதற்குத்தான் ஏற்பாடு இல்லை. கிராமப்புறப் பிள்ளைகளை ஆராய்ந்த 2024-ம் ஆண்டின் 'அசர்' அறிக்கை இதைத்தான் காட்டுகிறது. 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக வலைதளங்களுக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். இயக்கத் தெரிந்தவர்களில் சொந்த செல்போன் உள்ள பையன்கள் 36 சதவீதம் என்றால் பெண்கள் 27 சதவீதம்தான். அண்ணன் வைத்துவிட்டுப் போன பிறகே செல்போனைத் தொட முடிகிற பெண்ணுக்கு, அவள் பெயரிலேயே வரும் 10,000 ரூபாய் சின்ன விஷயமல்ல. அதை அலட்சியமாகப் பேசுபவர்கள் வீட்டில் நாலு செல்போன் வைத்திருப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் வகுப்பில் தாராளமாக அனுமதிக்கலாமா? அதுவும் விடையல்ல. பிரான்ஸ் 2018-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. 2023-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறக்குறைய நான்கில் ஒரு நாடு பள்ளிகளில் ஸ்மார்ட்போனைத் தடை செய்திருப்பதாகச் சொன்னது. இந்தியாவில் சி.பி.எஸ்.இ. 2009-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பக்கத்தில் அந்தச் சாதனம் இருந்தாலே கவனம் சிதறும் என்பது ஆசிரியர்களின் அன்றாட அனுபவம்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் ஒரு நடுவழியைக் காட்டியது. முழுத் தடை விரும்பத்தக்கதோ நடைமுறைக்கு உகந்ததோ அல்ல என்றது. இயன்ற இடங்களில் மாணவர்கள் காலையில் செல்போனை ஒப்படைத்து மாலையில் திரும்பப் பெறலாம். வகுப்பறையில் பயன்படுத்தக் கூடாது. பெற்றோருடன் தொடர்புகொள்ளவும் பாதுகாப்புக்கும் அனுமதிக்கலாம். இவற்றோடு முக்கியமான இன்னொன்றையும் அது சொன்னது: இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வது எப்படி என்று பள்ளியே கற்றுத்தர வேண்டும்.

இந்தக் கடைசி அம்சத்துக்குப் பெரிய செலவில்லை. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது, கணக்கு எண்ணைச் சரிபார்ப்பது எப்படி, வதந்தியை அடையாளம் காண்பது எப்படி, இரவு எத்தனை மணிக்கு செல்போனை அணைக்க வேண்டும்... வாரம் ஒரு வகுப்பு போதும். 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கிய தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். பொருளைக் கையில் கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடுவதில்லை.

வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளி, மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு இரவுவரை மாணவனும் செல்போனும் தனியாக இருப்பார்கள். அந்த நேரத்துக்கு என்ன பாடம் வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.