சுவர்ப் பூஞ்சணமும் கழுத்துச் சுரப்பியும்

கொக்கட்டிச்சோலையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், மழை விட்டு மூன்றாம் நாள் அலுமாரியை முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். பின்சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது. அலுமாரியின் பின்பலகையிலும் அதே கறுப்பு. அடித்தட்டில் மடித்து வைத்திருந்த புடவைகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மூக்கைத் துளைக்கிற ஒரு புளித்த வாடை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், அது ஒவ்வொரு மாரிக்கும் வாறதுதான். சுண்ணாம்பு அடிச்சா மறுகா ஒரு மாசத்துக்குத் தெரியாது" என்றார்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நான் காத்தான்குடிக்காரி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கத்திலிருந்து அங்கே படிப்பிக்கப் போனவர்கள் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். எனக்கு இடமாற்றம் கிடைத்தபோது பாலம் இருந்தது. ஆனாலும் உயர்தர வகுப்புகள் பொழுதுபட்டுத்தான் முடியும், மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அதனால் கிழமை நாட்களில் தங்குவதற்கு ஒரு அறையும் குசினியும் எடுத்தேன். வெள்ளம் வந்து வடிகிற நிலம் அது. சுவர் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அதற்கு முன்பே எனக்கு தைரொயிட் பிரச்சினை இருந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் முகம் ஊதியது, தலைமயிர் சீப்போடு வந்தது. படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் நாவில் வராமல் நின்றது. தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்தவளுக்கு "உவமேயம்" என்ற சொல் மறந்துபோனால் எப்படியிருக்கும்! உம்மா சொன்னது: "ஒனக்கு ஒண்டுமில்ல புள்ள, நித்திர காணாது." இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது.

நமது விஞ்ஞானப் பாடநூல்கள் இதைக் கேடயச் சுரப்பி என்கின்றன. நல்ல மொழிபெயர்ப்பு. 1656இல் தோமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில வைத்தியர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துத்தான் இதற்குப் பெயரிட்டார். குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒட்டியிருக்கும் இது அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்ற ஓமோனைச் செய்கிறது. உடலின் ஒவ்வொரு கலமும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் அளவில் தங்கியிருக்கிறது. சுரப்பி மந்தமானால் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி "வேலை செய்" என்று டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஓமோனை அனுப்பும். இதை எங்கள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்வேன்: பாடசாலை ஒழுங்காக நடந்தால் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் குறைவாக வரும், நடக்காவிட்டால் கடிதத்துக்கு மேல் கடிதம். அதனால்தான் சுரப்பி சோர்ந்தவருக்கு டி.எஸ்.எச். கூடுகிறது. வழமையான அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை.

"அயடீன் உப்பைக் கூட்டிப் போடு" என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. அந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் ஒரு காலத்தில் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமான பிறகு அந்த வகை குறைந்தது. என்னுடையது வேறு வகை. ஹக்கறு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய இளம் வைத்தியர் 1912இல் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து, வெண்குருதிக் கலங்கள் அவற்றை நிறைத்திருப்பதை எழுதினார். பிறகு அவர் சொந்த ஊரில் சாதாரண ஊர் வைத்தியராக இருந்து 1934இல் தைபோயிட்டில் இறந்தார். தான் கண்டது என்ன என்பது அவருக்குத் தெரியாது. 1956இல்தான் லண்டன் ஆய்வாளர்கள், உடலின் காவற்படையே தன் சுரப்பியைத் தாக்குகிறது என்பதைக் காட்டினார்கள். இதற்கு உப்பு மருந்தல்ல. குறையும் ஓமோனைக் குளிசையாகக் கொடுப்பதுதான் வைத்தியம்.

இனிக் கறுப்புச் சுவருக்கு வருகிறேன். அந்த வருடம் எனக்கு இருமல் பிடித்தது. இரவில் நெஞ்சு இழுக்கும். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால் சனிக்கிழமை தணியும், திங்கள் இரவு திரும்ப வரும். கூடவே களைப்பு, மறதி, மூட்டு வலி. வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கைபேசியில் நீளமாக ஒரு விளக்கம் அனுப்பினாள். உன் நோய் தைரொயிட் அல்ல, பூஞ்சண நஞ்சு, அது உடம்பு முழுவதும் ஏறியிருக்கிறது, அதை உறிஞ்சி வெளியேற்றக் கரித்தூள் கப்சூல் எடு என்று. எனக்கு அது பொருந்திப் போனது. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிகிறது, சுரப்பி தெரிவதில்லையே. கப்சூலை வாங்கினேன். காலையில் வெறும் வயிற்றில் தைரொட்சின் குளிசை, அதோடு சேர்த்துக் கரித்தூள்.

இரண்டு மாதத்தில் படியேற முடியவில்லை. நஞ்சு கூடிவிட்டது என்று நினைத்துக் கப்சூலை இரண்டாக்கினேன். கிளினிக்கில் டி.எஸ்.எச். 38. குளிசையைத் தவறவிடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அவர் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தவர், நிறுத்தி, "காலையில வேற என்ன எடுக்கிறீங்க?" என்றார். கப்சூலைச் சொன்னதும் சிரித்தே விட்டார். நஞ்சு குடித்தவருக்கு வைத்தியசாலையில் கரி கொடுப்பது ஏன்? வயிற்றிலுள்ளதை அது பற்றிப் பிடித்து இரத்தத்தில் சேராமல் தடுப்பதால். தைரொட்சினையும் அது அப்படியே பிடிக்கும். பூஞ்சண நஞ்சை வெளியேற்றவென்று சிலர் எடுக்கும் கொலஸ்ரைரமின் என்ற தூளும் இதையே செய்யும். நான் மருந்தை விழுங்கி, அடுத்த நிமிடமே அதற்குக் கள்ளனையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கரி மட்டுமல்ல. இரும்புக் குளிசை, கல்சியம், வயிற்றெரிவுக்கான சில மருந்துகள் எல்லாமே தைரொட்சினைத் தடுக்கும். நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். கோப்பியும் தேநீரும் குளிசை விழுங்கி அரை மணிக்குப் பிறகுதான். மயிர் வளரவென்று விற்கும் பயோட்டின் மருந்தைத் தடுக்காது, பரிசோதனை முடிவைப் புரட்டிவிடும். இரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தி, வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். கருஞ்சீரகம் பற்றி நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஈரானில் தப்ரீஸ் நகரில் 40 ஹஷிமோட்டோ நோயாளிகளை வைத்து எட்டு வாரம் பார்த்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. கருஞ்சீரகம் எடுத்தவர்களில் டி.எஸ்.எச். குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 40 பேர், எட்டு வாரம். அதை நம்பிக் குளிசையை விடலாகாது.

நோன்பு காலத்தில் என்ன செய்வது? தைரொட்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். ஒருநாள் நேரம் மாறினால் ஒன்றும் ஆகாது. தேவை வெறும் வயிறு. சிலர் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கும்போது எடுக்கிறார்கள். தறாவீஹ் முடிந்து வந்து கஞ்சியோ வடையோ தொடாமல் இருப்பது என்னால் ஆகாத காரியம். ஆகவே சஹருக்கு அரை மணிக்கு முன் அலாரம் வைத்து எழுந்து, குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அடுப்பை மூட்டுவேன். கர்ப்பிணிகள் மாத்திரம் இதை எதையும் தாங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். பிள்ளையின் மூளை வளர்ச்சி ஆரம்ப மாதங்களில் தாயின் ஓமோனில் தங்கியிருக்கிறது, குளிசையின் அளவையும் கூட்ட வேண்டி வரும். தெரிந்த உடனேயே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

அப்படியானால் சுவர்ப் பூஞ்சணம் வெறும் கற்பனையா? அதுவும் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா கூடுகிறது என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2004இல் இதே முடிவுக்குத்தான் வந்தது. ஆனால் களைப்பு, மறதி, மூட்டு நோவு போன்றவற்றுக்குப் பூஞ்சணமே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அது எழுதியது. ஹஷிமோட்டோவைப் பூஞ்சணம் உண்டாக்குகிறது என்பதும் நிறுவப்படவில்லை. ஆக என் உடம்பில் இரண்டு கணக்கு ஓடியது. ஊருக்குப் போனால் தணிந்த இருமல் சுவரின் கணக்கு. எங்கே போனாலும் கூட வந்த களைப்பு சுரப்பியின் கணக்கு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதியதுதான் என் பிழை.

சுவரை இலேசாக எடுத்த பாவத்தையும் உலகம் கண்டிருக்கிறது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் சூடானியப் பெற்றோருக்குப் பிறந்த அவாப் இஸ்ஹாக் என்ற இரண்டு வயதுப் பாலகன் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பன் முறையிட்டபோது, அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டு நிர்வாகம் எண்ணிக்கொண்டது. குளிக்கும் முறையைக்கூடக் குறை சொன்னார்கள். பின்னர் அது பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். 2023இல் அந்தப் பிள்ளையின் பெயரால் சட்டம் வந்தது. நமது வாடகைக் குடியிருப்பாளர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. என் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னபோது, "ரீச்சர் யன்னலைத் திறந்து வைக்கலயோ?" என்று கேட்டார். பைபிளின் லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் இப்படிப் படர்ந்தால் குரு வந்து பார்த்து, ஏழு நாள் வீட்டைப் பூட்டி, கற்களைப் பெயர்த்து, பூச்சைச் சுரண்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சொந்தக்காரருக்கு அதைப் படித்துக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

பூஞ்சணத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. ஈரமும், தின்ன ஏதாவதும் போதும். பலகை, கடதாசி, துணி, தூசு எல்லாம் அதற்குச் சாப்பாடு. "ஊறுகாய் பூத்துட்டு" என்று உம்மா சொல்வாவே, அதே பூப்புத்தான் சுவரிலும் பூக்கிறது. சுண்ணாம்பு அடிப்பது அதற்குப் போர்வை போர்த்துவது போல. வெள்ளம் வடிந்தால் நனைந்ததை ஓரிரு நாளுக்குள் காயவைக்க வேண்டும். மெத்தை நனைந்து கறுத்தால் எறிவதைத் தவிர வழியில்லை. சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால், வாயையும் மூக்கையும் மறைத்துக்கொண்டு, உரஞ்சிக் கழுவிக் காயவிட வேண்டும். குளோரினையும் அமோனியா கலந்த திரவத்தையும் ஒன்றாக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். இழுப்புள்ளவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது. எனக்கு அதைச் செய்தது அந்த அக்காவும் அவரது மகனும். கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அனுப்பிய வட்டிலப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அலுமாரி இப்போது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, செங்கல்லின் மேல் நிற்கிறது. கரித்தூளை நிறுத்தி எட்டு வாரத்தில், அளவைக் கூட்டாமலே, டி.எஸ்.எச். 5க்கு இறங்கியது. அடுத்த முறை 3. இருமலுக்கு வைத்தியர் உறிஞ்சும் மருந்து தந்தார். போன மாரியில் இரண்டு தடவைதான் அது தேவைப்பட்டது. மறதி மட்டும் முழுதாகப் போகவில்லை. வயது நாற்பத்தாறு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பு. அதை எந்த ஏட்டில் எழுதுவது என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்துத் திகதி போட்டுத் தந்தார்.