ஆங்கிலத்தில் கடப்பாடு உணர்த்தும் வினைத்தொடர்கள்

ஒருவர் ஒரு செயலைச் செய்தார் எனக் கூறுவது ஒன்று. அதனைச் செய்ய வேண்டும், செய்யலாம், செய்யக்கூடும் எனக் கூறுவது வேறொன்று. முன்னது நிகழ்ச்சியை அறிவிக்கின்றது. பின்னது அந்நிகழ்ச்சி பற்றிப் பேசுவோன் கொண்டுள்ள கருத்தினை அறிவிக்கின்றது. கட்டாயம், இசைவு, ஆற்றல், ஐயம், துணிபு முதலியன அக்கருத்தின் வகைகள். ஆங்கிலம் இவற்றை 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷல்', 'வில்' முதலிய தனித் துணைவினைகளாலும், 'ஹேவ் டு', 'பீ ஏபிள் டு', 'பீ கோயிங் டு' போன்ற தொடர்களாலும் உணர்த்துகின்றது. இவற்றுள் கடப்பாட்டுப் பொருளில் வரும் 'மஸ்ட்', 'ஹேவ் டு' என்னும் இரண்டும் அன்றாட ஆங்கிலத்தில் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு வேறுபடுகின்றன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டனையும் தமிழில் 'வேண்டும்' என்னும் ஒரு சொல்லாலேயே பெயர்த்துவிடலாம். ஆதலின் வேறுபாடு தோன்றுமிடத்தில் தமிழர் மயங்குதல் எளிது.

இரண்டன் தோற்றம்

'மஸ்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் வழங்கிய 'மோட்டன்' என்னும் வினையின் இறந்தகால வடிவத்தினின்று வந்தது. அவ்வினை பெரிதும் இசைவுப் பொருளே தந்தது. கடப்பாட்டுப் பொருள் பின்னர் நிலைபெற்றது. இறந்தகால வடிவமே நிகழ்காலப் பொருளில் வழங்கத் தலைப்பட்டமையின், இச்சொல்லுக்கெனத் தனி இறந்தகால வடிவம் இல்லாது போயிற்று.

'ஹேவ் டு' என்பதோ உடைமைப் பொருளினின்று தோன்றியது. 'ஐ ஹேவ் எ லெட்டர் டு ரைட்' என்பது 'எழுதுதற்குரிய மடல் ஒன்று என்னிடம் உள்ளது' எனப் பொருள்படும். எழுதுதற்குரியது ஒருவனிடம் இருப்பின் அவன் அதனை எழுதக் கடமைப்பட்டவன் ஆகின்றான். இவ்வழியே 'ஐ ஹேவ் டு ரைட் எ லெட்டர்' என்னும் தொடர் 'நான் ஒரு மடல் எழுத வேண்டும்' என்னும் பொருளைப் பெற்றது. இன்றைய பேச்சில் இத்தொடர் 'ஹேஃப்டு' என ஒரு சொல் போலவே ஒலிக்கின்றது. உடைமைப் பொருளில் வருங்கால் இவ்வொலித்திரிபு நிகழ்வதில்லை. ஆகவே இரு சொற்களும் இணைந்து ஒரு துணைவினையாய் இறுகிவிட்டன எனல் பொருந்தும்.

'ஹேவ்' பிற வினைகளைப் போலக் காலம் காட்ட வல்லது. ஆதலின் 'மஸ்ட்' செல்லவியலாத இடங்களில் இத்தொடர் சென்று நிற்கின்றது. இறந்தகாலத்திற்கு 'ஹேட் டு' உண்டு. எதிர்காலத்திற்கு 'வில் ஹேவ் டு' உண்டு. 'வில் மஸ்ட்' எனக் கூறுதல் ஆங்கில மரபன்று.

உடன்பாட்டில் வரும் வேறுபாடு

உடன்பாட்டில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருபொருளனவே. எனினும் ஆங்கில இலக்கணிகள் நுண்ணிய வேறுபாடு ஒன்று சுட்டுவர். கடப்பாட்டினைப் பேசுவோனே விதிப்பின் 'மஸ்ட்' வரும். விதியோ சூழ்நிலையோ பிறரோ விதிப்பின் 'ஹேவ் டு' வரும். விருந்துக்கு அழைப்போர் 'யூ மஸ்ட் கம் டு டின்னர்' என்பர். இது வடிவால் கட்டளையாயினும் பொருளால் அன்பின் வற்புறுத்தலேயாகும். ஒரு மன்றத்தின் உடை விதியை எடுத்துரைப்போர் 'யூ ஹேவ் டு வேர் எ டை' என்பர். ஈண்டு விதித்தவர் பேசுவோர் அல்லர்; அவர் விதியை அறிவிப்பவரே. இவ்வேறுபாடு பெரும்பான்மை பற்றியதேயன்றி விலக்கில்லாத விதி அன்று. அமெரிக்கர் பேச்சில் அன்பின் வற்புறுத்தலுக்கும் 'ஹேவ் டு' இயல்பாக வருகின்றது.

எதிர்மறையில் வரும் வேறுபாடு

எதிர்மறையில் இவ்விரண்டும் முற்றிலும் பிரிந்துவிடுகின்றன. 'யூ மஸ்ட் நாட் கோ' என்பதில் எதிர்மறை செயலைச் சாரும், போகாதிருத்தலே கடப்பாடாகின்றது. எனவே அது விலக்கு. 'யூ டோன்ட் ஹேவ் டு கோ' என்பதில் எதிர்மறை கடப்பாட்டைச் சாரும்; கடப்பாடு இல்லை என்பதே பொருள். போதலும் ஆகும், போகாமையும் ஆகும்.

தமிழில் 'வேண்டு' என்பதன் முதற்பொருள் விரும்புதல். அதனால் 'வேண்டா' என்னும் எதிர்மறை இருபாலும் செல்ல இடமுண்டு. 'நாளை நீர் வர வேண்டா' என்பது, வருதலை விலக்குதலும் ஆகலாம். வரும் கட்டாயத்தினின்று விடுவித்தலும் ஆகலாம். நேரிற் பேசுங்கால் குரலும் குறிப்பும் பொருளைத் தெளிவிக்கும். எழுத்தில் அத்துணை இல்லை.

இம்மயக்கம் சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பாலுடன் உட்கொண்டால், பாலிலுள்ள கால்சியம் அம்மருந்தோடு பிணைந்து அது உடலிற் சேர்வதைக் குறைத்துவிடும். அம்மருந்து பற்றி 'யூ மஸ்ட் நாட் டேக் இட் வித் மில்க்' என எழுதப்பட்டிருப்பதைப் 'பாலுடன் உட்கொள்ள வேண்டா' எனப் பெயர்த்தால், பால் கட்டாயமன்று என்றே நோயாளி கொள்ளக்கூடும். வேறொரு மருந்து பற்றி 'யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் வித் ஃபுட்' என்றிருப்பதை 'உணவுடன் உட்கொள்ள வேண்டா' எனப் பெயர்த்தால், இல்லாத விலக்கு ஒன்று தோன்றிவிடும். முன்னதற்கு 'உட்கொள்ளக் கூடாது' என்பதும், பின்னதற்கு 'உட்கொள்ள வேண்டுமென்னும் கட்டாயமில்லை' என்பதும் ஏற்றவை. இருவகைக்கும் உரிய சொற்கள் தமிழில் உள்ளன; தேர்ந்து ஆளுதலே வேண்டுவது.

துணிபுப் பொருள்

'மஸ்ட்' கடப்பாட்டோடு துணிபையும் உணர்த்தும். 'ஹி மஸ்ட் பீ அட் ஹோம்' என்பது 'அவர் வீட்டில் இருக்கின்றார் என்றே துணிய வேண்டும்' எனப் பொருள்படும். இதன் எதிர்மறைக்குப் பெரும்பாலும் 'கான்ட் பீ' வருமேயன்றி 'மஸ்ட் நாட்' வருதல் குறைவு.

இறந்தகாலத்தில் மயக்கம் மிகும். 'அவர் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும்' என்னும் தமிழ்த்தொடரை நோக்குக. 'செலுத்தினார் என்றே துணிகின்றேன்' என்பது ஒரு பொருள், 'செலுத்தியிருத்தல் முறை, செலுத்தினாரல்லர்' என்பது மற்றொரு பொருள். ஒன்று அவரைக் குற்றத்தினின்று விடுவிக்கும். மற்றொன்று குற்றத்தில் நிறுத்தும். ஆங்கிலத்தில் முன்னது 'மஸ்ட் ஹேவ் பெய்ட்', பின்னது 'ஷுட் ஹேவ் பெய்ட்' எனத் தனித்தனியே நிற்கும். 'ஹேட் டு பே' என்பது இவ்விரண்டினும் வேறு. அது 'செலுத்த வேண்டியிருந்தது' எனப்படும். சான்று மொழியைப் பெயர்ப்போர் இம்மூன்றனையும் பிரித்துணர்தல் இன்றியமையாதது.

அண்மைக்காலப் போக்கு

1961ஆம் ஆண்டின் ஆங்கில எழுத்துரைத் தொகுப்புகளை 1991, 1992ஆம் ஆண்டுகளின் தொகுப்புகளோடு ஒப்பிட்டு, மொழியியலறிஞர் ஜெஃப்ரி லீச் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு தொகுப்பும் ஏறத்தாழ 10 இலட்சம் சொற்கள் கொண்டது. பிரித்தானிய ஆங்கிலத்திலும் அமெரிக்க ஆங்கிலத்திலும் 'மஸ்ட்' என்பதன் ஆட்சி காற்பங்கிற்கு மேல் குறைந்துள்ளமை அதனாற் புலனாயிற்று. பேசுவோர் தம் அதிகாரத்தை வெளிப்படக் காட்ட விரும்பாமை இதற்கு ஒரு காரணம் என்பர். சட்டமொழியின் போக்கோ வேறு. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் திருத்தி எழுதப்பட்டு 2007 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பல பொருள்பட்ட 'ஷல்' நீக்கப்பட்டுக் கட்டாயம் குறிக்குமிடங்களில் 'மஸ்ட்' ஆளப்பட்டது. பேச்சில் கடுமையெனத் தோன்றும் சொல்லே சட்டத்தில் தெளிவெனக் கொள்ளப்பட்டது.

முடிவுரை

கடப்பாட்டுத் தொடர்களின் பொருளை உடன்பாட்டு வடிவம் ஒன்றுகொண்டே துணிதல் சாலாது. எதிர்மறையிலும் இறந்தகாலத்திலும் வைத்து நோக்கிய பின்னரே அவற்றின் உண்மைப் பொருள் விளங்கும். விலக்கு எது, விடுவிப்பு எது, துணிபு எது, தவறிய கடமை எது என நான்கனையும் முதற்கண் வினவிக்கொண்டு, அதன்பின் தமிழ்ச்சொல்லைத் தேர்தலே மொழிபெயர்ப்போர்க்கு உரிய நெறியாகும்.