கம்பன் விழாவில் ஒரு நாள்

விழா என்றதும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும் கடைத்தெருவும்தாம் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு புலவருக்காகவும், அவர் பாடிய ஒரு நூலுக்காகவும் மக்கள் ஆண்டுதோறும் கூடி விழா எடுப்பதும் நம் நாட்டில் உண்டு. அத்தகைய விழாக்களுள் புகழ் பெற்றது காரைக்குடிக் கம்பன் விழா.

விழா பிறந்த வரலாறு

கம்பர் தம் இராமாயணத்தைத் திருவரங்கத்தில் பங்குனி மாதத்து அத்த நாளில் அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதனை நினைவிற்கொண்டு 1939ஆம் ஆண்டில் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கியவர் சா. கணேசன். 'கம்பன் அடிப்பொடி' என்று மக்கள் அன்புடன் அழைத்த இவர், விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். 1982இல் மறையும்வரை விழாவைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்.

மகம், பூரம், உத்திரம் ஆகிய மூன்று நாள்கள் காரைக்குடியிலும், நான்காம் நாளாகிய அத்தத்தன்று சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டையிலும் விழா நடப்பது மரபு. கம்பரின் சமாதி அவ்வூரில்தான் உள்ளது. அங்குள்ள மண்ணைக் குழந்தையின் நாவில் தடவினால் தமிழ் நன்கு வரும் என்பது பெற்றோரின் நம்பிக்கை.

நிகழ்ச்சிகள்

இத்தகைய விழாவின் ஒரு நாள் நிகழ்ச்சிகள் எவ்வாறு அமையும்? முதலில் வாழ்த்துப் பாடல். பின்னர் வரவேற்புரையும் தலைமையுரையும். அடுத்து, அறிஞர் ஒருவர் காப்பியத்தின் ஒரு படலத்தையோ பாத்திரத்தையோ எடுத்துக்கொண்டு தனியுரை ஆற்றுவார். கவியரங்கமாயின், ஒரே தலைப்பைக் கவிஞர் பலர் தத்தம் நோக்கில் பாடுவர். இவை அனைத்தினும் மக்களை மிகுதியாக ஈர்ப்பது பட்டிமண்டபமே.

சான்றாக, 'உடன்பிறப்பில் சிறந்தவன் பரதனா, இலக்குவனா, கும்பகருணனா?' என்பது தலைப்பு என்று கொள்வோம். கைக்கு வந்த அரசை ஏற்காமல், அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் தவக்கோலத்தில் வாழ்ந்தவன் பரதன் என்பர் ஓர் அணியினர். அண்ணனோடு காட்டுக்கே சென்று, கண் துஞ்சாமல் காத்தவன் இலக்குவன் அல்லவா என்று கேட்பர் அடுத்த அணியினர். தமையன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே எடுத்துரைத்தும், அவன் கேளாதபோது அவனுக்காகவே உயிரைக் கொடுத்த கும்பகருணனுக்கு யார் நிகர் என்பர் மூன்றாம் அணியினர். மூவரும் சான்று காட்டுவது ஒரே நூலிலிருந்துதான்! பாடல் சான்றின்றிக் கூறும் வாதம் இங்கு நில்லாது. இறுதியில் நடுவர் எல்லா வாதங்களையும் சீர்தூக்கித் தீர்ப்பு வழங்குவார்.

பகையில்லாப் பேச்சு

பட்டிமண்டபம் புதிதாகத் தோன்றியதன்று. மணிமேகலையிலேயே, புகார் நகரத்து இந்திர விழாவை அறிவிக்கும் பகுதியில் இச்சொல் வருகிறது. வாதிட வல்லவர்கள் முறையறிந்து அம்மண்டபத்தில் ஏறுக என்று கூறும் முரசறைவோன், பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாதீர் என்றும் அறிவிக்கிறான். எவ்வளவு உயர்ந்த விதி!

கம்பராமாயணத்தைப் பற்றியே கடுமையான கருத்து வேறுபாடு இருந்ததுண்டு. 1943ஆம் ஆண்டில் அந்நூலை எதிர்த்து அறிஞர் அண்ணா வாதிட, ரா. பி. சேதுப்பிள்ளை ஒரு மேடையிலும் நாவலர் சோமசுந்தர பாரதியார் மற்றொரு மேடையிலும் ஆதரித்து வாதிட்டனர். அதே அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கம்பருக்குச் சிலை எழுந்தது. கருத்தை எதிர்ப்பது வேறு, ஒருவரை வெறுப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்றியும், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கம்பன் விழா மேடையில் முழங்கினார். இசுலாமியரான நீதிபதி மு. மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்து பல நூல்கள் எழுதினார். நம் வீரமாமுனிவர் புனித சூசையப்பரைப் பாடிய தேம்பாவணியிலும் கம்பரின் செல்வாக்கைக் காணலாம். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்றே அழைப்பர். தமிழ் எந்த ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தும் அன்று.

நாம் செய்யத்தக்கது

தோழியரே! நம் இலக்கிய மன்றக் கூட்டங்களில் பெரும்பாலும் பிறர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம். ஒரு வரி மறந்தால் பேச்சே நின்றுவிடுகிறது. காரணம், அது நம் கருத்தன்று. அதற்கு மாறாக, நம் பாடநூலிலுள்ள ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். எந்த அணியில் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். நமக்குப் பிடிக்காத பக்கத்திற்காக ஒரு முறை வாதாடிப் பார்த்தால், பிறர் ஏன் அவ்வாறு எண்ணுகிறார்கள் என்பது விளங்கும். நாளை வீட்டிலும் நாட்டிலும் பெண்கள் தங்கள் கருத்தை அஞ்சாமல் சொல்லவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும் இப்பயிற்சியே அடித்தளமாகும்.

மேடை ஏறும்போது எதிரணி, இறங்கும்போது தோழியர். இதுவே பட்டிமண்டபம் நமக்குக் கற்பிக்கும் பாடம். வளர்க தமிழ்!

— பத்தாம் வகுப்பு மாணவி