கொல்லன் பட்டறை கிளாஸை ஏஐ ஏஜென்ட் புக் பண்ணுமா?

இன்னைக்கு டாபிக் கேட்க கொஞ்சம் விசித்திரமா இருக்கும். ஒரு பக்கம் உலை, பட்டடை, சுத்தியல். இன்னொரு பக்கம் நமக்காக வெப்சைட்டுக்குப் போய் வேலை முடிக்கிற ஏஐ ஏஜென்ட். இந்த ரெண்டும் சந்திக்கிற இடம் ஒரு சாதாரண புக்கிங் பக்கம்.

கிளாஸ்ல என்ன நடக்கும்?

அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல பிராஸ்டவுன்னு ஒரு சின்ன ஊர். அங்க 1925-ல ஆரம்பிச்ச ஜான் சி. கேம்ப்பெல் ஃபோக் ஸ்கூல்ல, கொல்லு வேலையை ஒரு பாடமாவே சொல்லித் தர்றாங்க. இந்த மாதிரி கிளாஸ் இப்போ பல நாடுகள்ல இருக்கு. முதல் நாள்ல பெரும்பாலும் ஒரு கொக்கி செய்வாங்க. இரும்புக் கம்பியை உலையில வெச்சு, ஆரஞ்சு-மஞ்சள் நிறம் வந்ததும் குறடால எடுத்து, பட்டடையில வெச்சு நுனியைக் கூராக்கி வளைக்கணும். கிட்டத்தட்ட 1,100 டிகிரி செல்சியஸ். நிறம் மங்கினா அடிக்கிறதை நிறுத்திட்டுத் திரும்ப உலைக்குள்ள. நிறத்தைப் படிக்கத் தெரியறதுதான் பாதி வேலையே.

அதனால பாதுகாப்பு விதிகள் கறாரா இருக்கும். மூடின ஷூ, கண்ணாடி, காட்டன் டிரஸ். பாலியஸ்டர் கூடவே கூடாது. தீப்பொறி பட்டா அது உருகித் தோல்ல ஒட்டிக்கும்.

ஏஜென்ட் எப்படிப் பார்க்குது?

இப்போ நீங்க ஏஜென்ட் கிட்ட, "அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை, பிகினர் கிளாஸ்ல ரெண்டு சீட் பாரு"ன்னு சொல்றீங்கன்னு வெச்சுக்கோங்க. அது பக்கத்தை ரெண்டு விதமா பார்க்கலாம். ஒண்ணு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படமா பார்க்கும். இது மெதுவு, டோக்கன் செலவும் அதிகம், தப்பான இடத்துல கிளிக் பண்ற வாய்ப்பும் இருக்கு.

ரெண்டாவது, ஆக்சசிபிலிட்டி ட்ரீயைப் படிக்கும். பார்வையில்லாதவங்க பயன்படுத்துற ஸ்க்ரீன் ரீடருக்காக பிரவுசர் தயார் பண்ற பட்டியல் இது. "இது பட்டன், பேரு புக் நவ்", "இது டெக்ஸ்ட் பாக்ஸ், பேரு வயது"ன்னு வரிசையா இருக்கும். மைக்ரோசாஃப்டோட ப்ளேரைட் எம்சிபி மாதிரி டூல்கள் இதை வெச்சுத்தான் வேலை செய்யுது.

அப்போ இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, ஏஜென்ட்டுக்காகப் புதுசா ஒரு வெப்சைட் கட்ட வேண்டியதில்லை. டபிள்யூசிஏஜி-யோட முதல் பதிப்பு வந்தது 1999-ல. கால் நூற்றாண்டா தள்ளிப் போட்ட அந்த ஆக்சசிபிலிட்டி வேலையைத்தான் இப்போ செய்யணும்.

எங்கெங்க உடையுது?

ஒரு கற்பனைப் பட்டறையோட பக்கத்தை எடுத்துப்போம்.

முதல் பிரச்சினை, போஸ்டர். தேதி, கட்டணம், குறைந்தபட்ச வயது, "பாலியஸ்டர் வேண்டாம்" எல்லாமே ஒரே ஜேபெக் படத்துக்குள்ள. ட்ரீயில அதுக்கு "இமேஜ்"னு ஒரே வரிதான். ஏஜென்ட் சீட் புக் பண்ணிடும், ஆனா டிரஸ் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாது. நீங்க ஜிம் டீஷர்ட்ல போய் உலை முன்னாடி நிப்பீங்க. முக்கியமான எதையும் எழுத்தாவே போடுங்க.

ரெண்டாவது, நிறம். காலண்டர்ல சிவப்புன்னா ஃபுல், பச்சைன்னா காலி. உலையில நிறம் பேசும், ட்ரீயில பேசாது. நிறக்குருடு உள்ளவங்களுக்கும் இதே கஷ்டம்தான். பக்கத்துலயே "இடமில்லை", "3 சீட் இருக்கு"ன்னு எழுதுங்க.

மூணாவது, போலி பட்டன். டிவ் ஒண்ணுக்கு ஸ்டைல் போட்டு, கிளிக் ஈவென்ட் மாட்டி விட்டா கண்ணுக்குப் பட்டன் மாதிரி தெரியும். ட்ரீயில அது வெறும் எழுத்து. நிஜ பட்டன் டேக் போடுங்க. ஒவ்வொரு இன்புட்டுக்கும் லேபிள் கொடுங்க.

நாலாவது, தேதி. 03/04-னு போட்டா அமெரிக்காவுல மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. மாசத்தை எழுத்துல போடுங்க. கூடவே ஸ்கீமா டாட் ஆர்க்ல இருக்கிற ஈவென்ட் வகையைச் சேருங்க. கூகுள், பிங், யாஹூ சேர்ந்து 2011-ல ஆரம்பிச்ச பொது அகராதி அது. தேதி, விலை, சீட் இருக்கா இல்லையான்னு மெஷின் சந்தேகமில்லாம எடுத்துக்கும்.

எல்எல்எம்எஸ் டாட் டிஎக்ஸ்டி பத்திக் கேட்பீங்க. 2024-ல வந்த ஒரு முன்மொழிவு அது. போடலாம், தப்பில்லை. ஆனா மேல சொன்ன நாலையும் சரி பண்ணாம அதை மட்டும் போட்டா, தூண் இல்லாத வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டின கதைதான்.

எங்க நிறுத்தணும்?

இந்த மாதிரி கிளாஸ்ல பல இடத்துல ஒரு ஒப்புதல் படிவம் கேட்பாங்க: "காயம் பட வாய்ப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும்"னு. அந்த டிக்கை ஏஜென்ட் போட்டுட்டா, தீ பக்கத்துல நிக்கப் போற ஆள் அதைப் படிக்கவே இல்லைன்னு அர்த்தம். அதனால தேடுறது, ஒப்பிடுறது, ஃபார்ம் நிரப்புறது வரைக்கும் ஏஜென்ட்டுக்கு வழியை எளிதாக்குங்க. பணம் கட்டுறதையும் ஒப்புதலையும் தனி ஸ்டெப்பா வெச்சு, "இதை வர்றவரே படிச்சு உறுதி செய்யணும்"னு தெளிவா எழுதுங்க. படிவ லிங்க்கை வர்றவரோட மெயிலுக்கே அனுப்பினா இன்னும் நல்லது.

நீங்களே டெஸ்ட் பண்ண

மவுஸைத் தள்ளி வெச்சுட்டு டேப் கீயும் என்டர் கீயும் மட்டும் வெச்சு ஒரு சீட் புக் பண்ணிப் பாருங்க. அப்புறம் விண்டோஸ்ல இலவசமா கிடைக்கிற என்விடிஏ, இல்ல போன்லயே இருக்கிற டாக்பேக், வாய்ஸ்ஓவரைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்க. எங்க நீங்க முழிக்கிறீங்களோ, அங்க ஏஜென்ட்டும் தடுமாற வாய்ப்பு அதிகம்.

பட்டறை வெச்சிருக்கவருக்கு டெவலப்பர் டீம் எல்லாம் இருக்காது. உங்க ஏரியாவுல மண்பாண்டமோ தச்சு வேலையோ சொல்லித் தர்ற யாராவது இருந்தா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவங்க பக்கத்துக்கு இந்த டெஸ்ட்டைப் போட்டு, அந்தப் போஸ்டரை எழுத்தா மாத்திக் கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!