வீட்டுக்குள் வைரஸ் வந்தால்...

என்ன குட்டீஸ்... காய்ச்சல் என்றால் ஸ்கூலுக்கு லீவு, ரொட்டி, ஆரஞ்சுப் பழம், அம்மா மடி என்று ஒரே குஷிதானே! ஆனால், உலகமே ஒரு காய்ச்சலுக்குப் பயந்து, பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 2020 மார்ச் மாதம் தமிழகத்தில் வகுப்புகள் நின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள், மறுபடி வகுப்பறையில் உட்கார 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தனர். அப்போது உங்களில் சிலர் நடை பழகிக் கொண்டிருந்திருப்பீர்கள். சிலர் இரண்டாம் வகுப்பில், கல்வித் தொலைக்காட்சி முன் கொட்டாவி விட்டிருப்பீர்கள்!

அந்தக் கொரோனா காலத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது தெரியுமா? 2020 ஏப்ரல் கடைசியில் தமிழகத்தின் 37 மாவட்டங்களை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தனர். 12 மாவட்டங்கள் சிவப்பு, 24 ஆரஞ்சு. நோயே இல்லாத பச்சை மாவட்டம் ஒன்றே ஒன்றுதான். அது கிருஷ்ணகிரி!

இத்தனைக்கும் அது எல்லை மாவட்டம். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது, கர்நாடகா. ஓசூர் தொழிற்சாலைகளுக்கு எத்தனையோ ஊர்களில் இருந்து ஆட்கள் வருகின்றனர். லாரிகளோ கணக்கில்லாமல் ஓடுகின்றன. அப்படியிருந்தும் பச்சை. ஆனால், மே முதல் வாரத்திலேயே சூளகிரி பக்கம் சிலருக்கு நோய் இருப்பது தெரிந்தது, பச்சை போயிற்று.

வைரசுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. மனிதர் மூச்சில் சவாரி செய்துதான் ஊர் விட்டு ஊர் போகும். சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தலாம். மூச்சை எப்படி நிறுத்துவது?

சரி, நாகரசம்பட்டிக்குப் போவோம். கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள பேரூராட்சி இது. இங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பா ஓசூர் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அம்மா, பாட்டி (சில வீடுகளில் அவ்வா), அண்ணன், நீங்கள். வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையல் அறை, அவ்வளவுதான். ஒருநாள் அப்பாவுக்கு உடம்பு சுடுகிறது, இருமல், தொண்டை வலி. டாக்டரிடம் காட்டியாயிற்று. 'வைரஸ் காய்ச்சல். வீட்டிலேயே தனியாக இருங்கள்' என்கிறார். தனி அறையே இல்லாத வீட்டில் தனியாக இருப்பது எப்படி?

இந்தக் கேள்வி, மேற்கு வங்காளத்தில் புருலியா மாவட்டத்தைச் சேர்ந்த ஏழு இளைஞர்களுக்கும் வந்தது. அவர்கள் வேலை பார்த்தது நம்ம சென்னையில்! 2020 மார்ச்சில் ஊர் திரும்பியபோது, 14 நாட்கள் தனித்திருக்கச் சொன்னார்கள். வீடுகளிலோ தனி அறை கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தில் ஏறிவிட்டனர்! கிளைகளுக்கு நடுவே கட்டிலைக் கட்டி, மேலே கொசுவலை போட்டு, அங்கேயே தூங்கினர். காட்டு யானை வருகிறதா என்று பார்க்க, அந்த ஊரில் மரத்தின் மேல் பரண் கட்டுவது வழக்கம். அந்தப் பழக்கம்தான் கை கொடுத்தது. தேன்கனிக்கோட்டை பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் யானைக் காவலுக்குப் பரண் கட்டுவார்களே, அதே யோசனைதான்.

அடுத்த ஆண்டு, 2021 மே மாதம், தெலுங்கானாவில் ஒரு கல்லூரி மாணவரும் இதையே செய்தார். மரத்தின் மேல் மூங்கிலால் படுக்கை கட்டி, 11 நாட்கள் இருந்தார். சாப்பாட்டை வாளியில் வைத்து, கயிற்றால் மேலே இழுத்துக் கொண்டார். உடனே உங்கள் வீட்டு மாமரத்தைப் பார்க்காதீர்கள்! காய்ச்சலோடு மரம் ஏறி விழுந்தால், வைரஸ் விட்டாலும் எலும்பு முறிவு விடாது.

மரத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? காற்று! யார் மேலும் மோதாமல் கலைந்து போகிற காற்று. அதுதான் விஷயம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவர் யாரையாவது ஒரு ஊதுபத்தி ஏற்றித் தரச் சொல்லி, ஜன்னல், கதவை எல்லாம் சாத்தி வையுங்கள். அறை முழுக்கப் புகை தேங்கி, மூலையில் நின்றாலும் மூக்கில் ஏறும். இப்போது எதிரெதிரே இருக்கும் ஜன்னலையும் கதவையும் திறங்கள். சற்று நேரத்தில் புகை மெலிந்து விடும். நோயாளி பேசும்போதும், இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதும் கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் இந்தப் புகை மாதிரிதான் மிதக்கும். அவற்றுக்குள் வைரஸ் உட்கார்ந்திருக்கும். கொரோனா வைரசின் குறுக்களவு ஏறக்குறைய 100 நானோமீட்டர். உங்கள் ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றுக்கணக்கான வைரஸ்களை வரிசையாக நிற்க வைக்கலாம்!

ஆகவே ஒரே கூடம் உள்ள வீட்டில், அப்பாவுக்கு ஜன்னல் ஓரமோ, திண்ணையோ. வெயிலும் மழையும் படாத கொட்டகை இருந்தால் இன்னும் நல்லது. அவர் உள்ளே வரும்போது அவருக்கும், பக்கத்தில் போகிறவருக்கும் முகக்கவசம். அது மூக்கை மூட வேண்டும்; தாடைக்கு மாலை போடுவது போல் தொங்கினால் பயன் இல்லை. பணிவிடை செய்ய ஒரே ஒருவர் போதும். அது நீங்களும் இல்லை, பாட்டியும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிற பெரியவர். அப்பா சாப்பிட்ட தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். சாதாரண சோப்பால் தேய்த்துக் கழுவினால் போதும். கொரோனா வைரசின் மேல் உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது போலவே, சோப்பு அந்த உறையைப் பிய்த்து விடும். கையை 20 நொடியாவது தேய்க்கச் சொல்வது அதற்குத்தான்.

இதெல்லாம் புது வழக்கம் என்றா நினைக்கிறீர்கள்? பாட்டியிடம் கேளுங்கள். அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் வெளியாள் யாரும் படி ஏற மாட்டார். நோயாளியைத் தனிப் பாயில் படுக்க வைத்து, இளநீரும் கூழும் கொடுப்பார்கள். வேப்பிலை வைரசைத் தடுத்ததோ இல்லையோ, விருந்தாளியைத் தடுத்தது! 'இங்கே நோய் இருக்கிறது' என்று ஊருக்குச் சொல்வதை அன்று யாரும் அவமானமாக நினைக்கவில்லை.

கொரோனா காலத்தில் இது தலைகீழாகி விட்டது. நோய் வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினர். சில இடங்களில் தகரம் வைத்து அடைத்தனர். அக்கம் பக்கத்தார் முகம் திருப்பினர். அதற்குப் பயந்தே பலர் காய்ச்சலை மறைத்தனர். மறைத்த காய்ச்சல் வீடு முழுக்கப் பரவியது. வீட்டில் யாராவது, 'எனக்கு உடம்பு சரியில்லை என்று யாரிடமும் சொல்லாதே' என்று உங்களிடம் சொன்னால், அந்த ஒரு ரகசியத்தை மட்டும் நீங்கள் காப்பாற்ற வேண்டாம். அம்மாவிடமோ, அப்பாவிடமோ சொல்லி விடுங்கள். முக்கியமாக தாத்தா, பாட்டி விஷயத்தில். 'உங்களுக்கு எதுக்குடா தொந்தரவு' என்று மூச்சு வாங்குவதையே மறைப்பவர்கள் அவர்கள்!

வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை விரட்டுகிறேன் என்று வீட்டுக்குள் கொண்டு வந்த பொருட்கள் செய்த கலாட்டா இருக்கிறதே... என் வீட்டில் கத்தரிக்காயைச் சோப்பு நுரையில் ஊற வைத்து, அன்று வைத்த குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. காய்கறிக்கு நல்ல தண்ணீர் போதும், குட்டீஸ்!

பெரியவர்களும் பதற்றத்தில் தப்பு செய்தார்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில், திருப்பூர் மார்க்கெட்டில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தனர். உள்ளே நடந்தால் நாலா பக்கமும் மருந்துத் தண்ணீர் தெளிக்கும். பார்க்க ஜோராக இருந்ததால், மற்ற ஊர்களிலும் வைத்தார்கள். அந்த மாதமே, 'பயன்படுத்த வேண்டாம்' என்று சுகாதாரத் துறை சொல்லி விட்டது. நுரையீரலுக்குள் இருக்கும் வைரசை, சட்டை மேல் தெளிக்கும் மருந்து என்ன செய்யும்? கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம்.

வீட்டில் இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைசலோடு, கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலப்பது. 'இரண்டும் கிருமியைக் கொல்லும். சேர்த்தால் டபுள் பவர்' என்று தோன்றும். ஆனால், சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். முதலாம் உலகப்போரில், 1915ல், எதிரிகள் மேல் ஏவிய அதே வாயு! காட்டமான நெடி வந்து கண் எரிந்தால், என்ன ஏது என்று முகர்ந்து பார்க்காமல், தம்பி, தங்கையை இழுத்துக் கொண்டு வெளியே ஓடி விடுங்கள்.

சானிடைசர் பாட்டிலையும் கவனியுங்கள். அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால். பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும். அந்தத் தீ வெளிர்நீலமாக இருப்பதால், பகலில் கண்ணுக்கே தெரியாது. கையில் தேய்த்த உடனே விளக்கு ஏற்றவோ, அடுப்பருகே போகவோ கூடாது. நன்றாக உலர வேண்டும். சொட்டு மருந்து பாட்டிலுக்கும் சானிடைசர் பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதும் உண்டு. 2021 ஜனவரி 31ல், மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட 12 குழந்தைகளுக்கு, போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் சானிடைசரைச் சொட்டி விட்டனர்! நல்லவேளையாக எல்லாரும் பிழைத்தனர். உங்கள் வீட்டுச் சானிடைசரும் பினாயிலும், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது, ஆவி பிடிப்பது. நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த குண்டான், மேலே போர்வை... அடைத்த மூக்குக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால், வைரஸ் சாகாது. அது உங்கள் உடம்பின் செல்லுக்குள் இருக்கிறது. அதைக் கொல்லும் அளவு சூடு போனால், முதலில் உங்கள் மூக்குதான் வேகும்! 2021ல் சில ஊர்களில் பொது இடத்தில் கூட்டமாக ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியன் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு, ஆவி பிடிக்கப் போய் வெந்நீர் கொட்டி வந்த பிள்ளைகள், 2020ல் வழக்கத்தை விடப் பல மடங்கு அதிகம். போர்வைக்குள் இருப்பவருக்கு குண்டான் சாய்வது தெரியாது அல்லவா? சுடுநீர் பட்டு விட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதையும் அப்பக் கூடாது. பிறகு டாக்டர்.

மாத்திரை விஷயம் பெரியவர்களுடையது. நீங்கள் கை வைக்காதீர்கள். ஒன்று மட்டும் தெரிந்து கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யாது. 'போன தடவை வாங்கியது மீதி இருக்கே' என்று யாராவது டப்பாவைத் திறந்தால், இதைச் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் திட்டு விழலாம்.

உங்களுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டில் கோடு போட்டு, அப்பாவுக்குக் காலை, மதியம், இரவு காய்ச்சல் எவ்வளவு, எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், கஞ்சி இறங்கியதா என்று எழுதுங்கள். பணிவிடை செய்பவர் எட்ட இருந்து சொல்வார், நீங்கள் குறிக்கலாம். டாக்டருக்கு அந்த நோட்டு தங்கம்! விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், அந்த எண்ணையும் எழுதுங்கள். நகப்பூச்சோ, கருஞ்சிவப்பாகப் பிடித்த மருதாணியோ இருந்தால் எண் தவறலாம். வேறு விரலில் மாட்டச் சொல்லுங்கள். எண் 94க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ். சாதாரண சந்தேகம் கேட்க 104.

அந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே காலண்டர் அட்டையில் எழுதி விடுங்கள். கண்ணாடி போடாமலே பாட்டிக்குத் தெரிகிற அளவு, பெரிதாக. எழுதி முடித்ததும் பாட்டியைக் கூப்பிட்டு, தூரத்தில் நின்று படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், இன்னும் பெரிதாக!